அகழிக் கரையிலிருந்து நூறு மீட்டர்: வேலூர்க் கோட்டையைச் சுற்றி எதைக் கட்டலாம், எதைக் காக்க வேண்டும்?

வேலூர்க் கோட்டையைப் பற்றி மூன்று வகைப் பேச்சு ஊரில் மாறி மாறி நடக்கும். அகழியைத் தூர்வாரி அழகுபடுத்துகிறார்கள் என்பது ஒன்று. கோட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்டத் தொல்லியல் துறை விடமாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்பது மூன்றாவது. மூன்றும் தனித்தனிப் பிரச்சினை மாதிரித் தெரியும். கொஞ்சம் தோண்டினால் மூன்றும் ஒரே கேள்வியில் போய் முட்டும்: கோட்டை எங்கே முடிகிறது?

சுவரோடு முடிகிறது என்பது பார்வையாளரின் பதில். அகழியின் வெளிக்கரையில் முடிகிறது என்பது சட்டத்தின் பதில், அதற்குப் பிறகும் 300 மீட்டருக்கு அதன் நிழல் விழும். தண்ணீரைக் கேட்டால் பாலாற்றில் முடிகிறது என்று சொல்லும். இந்த மூன்று எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான் இத்தனை குழப்பம்.

அகழி எப்படி வேலை செய்கிறது?

ஏரி பாசனத்துக்கு, குளம் குடிக்கவும் குளிக்கவும். அகழி எதிரியைத் தள்ளி நிறுத்துவதற்காக வெட்டிய பள்ளம். வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசர் சதாசிவ ராயர் காலத்தில், அவருக்குக் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கரும் திம்ம ரெட்டி நாயக்கரும் எழுப்பியது. பரப்பு 133 ஏக்கர். அகழியில் பத்தாயிரம் முதலைகள் கிடந்தன என்று ஒரு கதை உண்டு. பத்தாயிரம் முதலைக்குத் தினமும் யார் தீனி போட்டார்கள் என்பதைக் கதை சொல்பவர்கள் யாரும் விளக்குவதில்லை.

முதலை இருந்ததோ இல்லையோ, தண்ணீர் வருடம் முழுக்க இருந்தாக வேண்டும். பாலாறு அப்படி வற்றாமல் ஓடும் ஆறு இல்லை. அதனால் அகழியை ஒரு பள்ளமாக மட்டும் பார்க்காமல், மூன்று உறுப்புகள் சேர்ந்த ஒரு அமைப்பாகப் பார்க்க வேண்டும்.

1. வரத்து. சூரியகுண்டம் என்ற குளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்குத் தண்ணீர் வந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. இதோடு கோட்டைக்குள் பெய்யும் மழை, சுற்றுப்புற நிலத்தின் ஊற்று.

2. தேக்கம். கண்ணுக்குத் தெரிகிற அகழி. நாம் படம் எடுப்பது இதை மட்டும்தான்.

3. போக்கு. அளவுக்கு மேல் ஏறும் தண்ணீர் வெளியேறும் மதகும், அங்கிருந்து பாலாற்றுப் பக்கம் போகும் கால்வாயும். கோட்டையிலிருந்து ஆறு நடந்து போகிற தூரம்தான், ஆனால் நடுவில் இன்று ஒரு முழு ஊர் இருக்கிறது.

ஏரி, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல் என்று பேசிப் பழகிய வடாற்காட்டுக்காரர்களுக்கு இது புதுசில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டால் ஏரி காயும், கலங்கல் அடைபட்டால் கரை உடையும். அகழிக்கும் அதே கணக்குதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஏரி நிரம்பி வழிந்தால் வயலுக்குள் போகும். அகழி வழிந்தால் கோட்டைக்குள்தான் போகும்.

133 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 133 ஏக்கர் என்பது ஏறக்குறைய 5,38,000 சதுர மீட்டர். அதில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 53,800 கன மீட்டர், அதாவது 5 கோடியே 38 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 4,480 லோடு. கொஞ்சம் மண்ணில் இறங்கும், மீதி தாழ்வான பக்கம் ஓடும். அந்தப் பரப்பில் மட்டும் பெய்கிற மழைக் கணக்கு இது. வெளியே தெருக்களிலிருந்து ஓடி வருவதைச் சேர்க்கவில்லை.

2021 நவம்பரில் நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வடகிழக்குப் பருவமழையில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் ஓடியது. அகழி நிறைந்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. நீர் சூழ்ந்த ஈசன் என்று பேரிலேயே தண்ணீர் இருப்பதால், இது அந்தக் கோயிலுக்கு இயல்புதானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காரணம் கீழே கிடக்கிறது. உபரி நீருக்கான வழி சுருங்கினால், தேங்கும் நீர் மட்டம் உயர்வதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. கோயில் தரையோ தாழ்வான இடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு கரை தொட்டு ஓடும்போது, அதில் சேரும் கால்வாயின் வாயில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். கால்வாய் சுத்தமாக இருந்தாலும் அந்தச் சில மணி நேரத்துக்கு வடிகால் மெதுவாகத்தான் நடக்கும். அடைபட்ட கால்வாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊரின் மழைநீரைச் சுமக்கும் நிக்கல்சன் கால்வாய்க்கும் இதே கதைதான். கன்சால்பேட்டைக்காரர்களிடம் கேட்டால், எவ்வளவு மழைக்கு எந்தப் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறும் என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள்.

அகழியும் கோயிலும் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற வரையறைக்குள் இருக்கின்றன. அவற்றைக் காக்கிற கால்வாய் ஊருக்குள் கிடக்கிறது, அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மறுமேம்பாட்டைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் வைப்பது இதைத்தான்.

நூறு மீட்டர், இருநூறு மீட்டர்: சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் பாதுகாப்பில் நாடு முழுக்க 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் உள்ளன. வேலூர்க் கோட்டை அதில் ஒன்று. இவற்றுக்கான அடிப்படைச் சட்டம் 1958-ல் வந்தது. சின்னத்தைச் சுற்றிய நிலத்துக்கான கட்டுப்பாடு 1992 ஜூன் 16-ல் அறிவிக்கையாக வந்து, 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. இன்றைய நிலையில் மூன்று வளையங்கள்:

1. பாதுகாக்கப்பட்ட பகுதி. சின்னமும் அதைச் சேர்ந்த நிலமும். இதற்குள் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் கட்டவோ தோண்டவோ முடியாது.

2. தடைசெய்யப்பட்ட பகுதி. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர். புதுக் கட்டடம் கிடையாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தை, அல்லது பிறகு முறையான அனுமதியோடு கட்டியதை, பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

3. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர். இங்கே புதுக் கட்டுமானம், மறுகட்டுமானம், பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்த பிறகுதான் வேலை.

இதில் பலர் தவறவிடுவது, அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை. கோபுரத்திலிருந்தோ மதில் சுவரிலிருந்தோ டேப் பிடிப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து பிடிக்கிறார்கள். தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள அகழி கோட்டையைச் சுற்றி வளைந்து கிடப்பதால், அதன் அகலம் முழுவதும் முதலிலேயே உள்ளே போய்விடுகிறது. கோட்டைச் சுவர் எங்கேயோ தூரத்தில் தெரிகிறதே, எனக்கு எப்படி நோட்டீஸ் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். அகழி எல்லையிலிருந்து 80 மீட்டரில், 1970-ல் கட்டிய கடை, மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டது. மழைக்கு ஒழுகுகிறது. தளத்தைப் பிரித்துச் சரிசெய்ய உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். மேலே ஒரு மாடி ஏற்ற முடியாது, ஏனென்றால் உயரத்திலோ பக்கவாட்டிலோ சேர்ப்பது எல்லாம் சட்டத்தின் கணக்கில் புதுக் கட்டுமானம். பழசை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டலாமா என்றால், பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு என்ற இரண்டைத் தவிர அந்த 100 மீட்டருக்குள் வேறு விண்ணப்பத்துக்கே வழி இல்லை. அதே கடை 150 மீட்டரில் இருந்திருந்தால் மூன்றுக்குமே விண்ணப்பிக்கலாம், எவ்வளவு உயரம் விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

விண்ணப்பம் போகிற பாதையையும் சொல்லிவிடலாம். முதலில் தகுதியுள்ள அதிகாரி என்று சட்டம் குறிக்கும் அலுவலரிடம் போகிறது. அவர் 15 நாளில் தேசிய நினைவுச் சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆகச் சட்டப்படி மூன்றரை, நான்கு மாதம். மாநகராட்சியின் பிளான் அப்ரூவல் இதற்கு மாற்று ஆகாது. அது தனி, இது தனி. ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மறந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் தடுக்காத ஒன்று

கோட்டைப் பக்கம் சாக்கடை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டால், தொல்லியல் துறை விதி சார், கை வைக்க முடியாது என்ற பதில் சுலபமாக வந்து விழும். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அது நிற்காது. கட்டுமானம் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் வரையறையிலேயே சில வேலைகளை விலக்கிவைத்திருக்கிறார்கள். வடிகால் கட்டுவது, பராமரிப்பது, சுத்தம் செய்வது அதில் வருகிறது. பொதுக் கழிப்பறை, பொதுக் குடிநீர் வேலை, மின்விநியோகமும் உண்டு. அகழிக்குள்ளேயே கை வைக்க வேண்டுமென்றால் தொல்லியல் துறை இல்லாமல் முடியாது, சரி. வெளியே உபரிநீர்க் கால்வாயில் அடைந்து கிடக்கும் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவதற்கு எந்தத் தொல்லியல் விதியும் குறுக்கே நிற்கவில்லை.

குறுக்கே நிற்பது வேறு: ஒரே தண்ணீருக்குப் பல முதலாளிகள். அகழியும் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையிடம். கோயில் கட்டடமும் அவர்களிடம்தான், வழிபாடு மட்டும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கருவறைக்கு 1981 மார்ச்சில் ஊர் மக்கள் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்ததை இன்றும் பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். கோட்டைக்குள் மாநில அரசின் அருங்காட்சியகமும் இருக்கிறது, காவலர் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. அகழிக்கு வெளியே கால் வைத்தால் தெருவும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை, ஆறும் ஆற்றுக் கால்வாயும் நீர்வளத் துறை, நிலப் பதிவேடு வருவாய்த் துறை. தண்ணீருக்கு மட்டும் இந்தப் பிரிவினை தெரியாது.

வேலூர் 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபோது இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது என்பது என் எண்ணம். அந்தத் திட்டமே ஒரு குறிப்பிட்ட பகுதியை எடுத்து, துறைகளைச் சேர்த்து உட்கார வைத்து வேலை செய்வது என்ற யோசனையில் உருவானது. ஆனால் இந்த மாதிரித் திட்டங்களில் விளக்கும் நடைபாதையும் கிரானைட் பெஞ்சும் முதலில் வந்துவிடும், ஏனென்றால் அவற்றைத் திறந்து வைக்க முடியும். தரைக்கு அடியில் கிடக்கும் கால்வாய்க்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

தூர்வாருவது நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் ஏரியைத் தூர்வாருகிற மாதிரி அகழியைத் தூர்வார முடியாது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தண்ணீரை எவ்வளவு வேகமாக இறக்குகிறோம் என்பது. கோட்டை மதிலின் பின்னால் மண் மேடு இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அகழியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அழுத்தம் சுவரை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கும். மோட்டார் வைத்து ஒரு வாரத்தில் இறைத்துவிட்டால் வெளித்தாங்கல் போய்விடும், உள்ளே மண்ணில் இருக்கும் ஈரம் அவ்வளவு சீக்கிரம் வடியாது. அந்த நேரத்தில் சுவர் வெளிப்பக்கம் தள்ளப்படும். அணைக் கரைகளும் ஏரிக் கரைகளும் சரிவதற்கு இப்படித் திடீரென்று நீர்மட்டம் இறங்குவது ஒரு முக்கியக் காரணம் என்று பொறியாளர்கள் படிக்கும் முதல் பாடங்களிலேயே வரும். மெதுவாக, கட்டம் கட்டமாக இறக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு ஆழம், சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் என்பது. பொக்லைன் ஓட்டுகிறவருக்கு வண்டலுக்கும் பழைய தரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். சுவரின் அடிக்கல்லுக்குப் பக்கத்தில் ஓரடி கூடுதலாகத் தோண்டிவிட்டால், நானூறு வருடமாக அசையாத கல் அசையும். அதனால் சுவரோரம் சில மீட்டருக்கு இயந்திரத்தை விடாமல் ஆளை வைத்து வேலை செய்வது, அள்ளும் வண்டலைச் சலித்துப் பார்ப்பது என்று சில முறைகள் உண்டு. சலிப்பது எதற்கு என்றால், அகழி என்பது ஊரின் பழைய குப்பைத்தொட்டியும்கூட. காசு, பானை ஓடு, இரும்புக் குண்டு எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் படை கோட்டையைத் திரும்பப் பிடித்த இடம் இது. அந்தச் சண்டையின் மிச்சங்கள் லாரியில் ஏறி யாரோ ஒருவர் மனையை மேடாக்கப் போய்விடக் கூடாது.

படகு சவாரி, நீரூற்று என்ற யோசனைகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் படகு ஓட நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். மழைக்கு முன்னால் மட்டத்தைக் குறைத்து இடம் விட்டு வைத்தால்தான் அகழி வெள்ளத்தைத் தாங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். எந்த மாதத்தில் எந்த மட்டம் என்று எழுதி வைக்காமல் படகு விட்டால், கார்த்திகையில் சிக்கல் வரும்.

கோட்டைக்கு வெளியே இருக்கும் பழைய ஊர்

கரையோரப் பழைய ஊர் என்றால் சுவரும் தண்ணீரும் மட்டும் இல்லை. கோட்டைகளைச் சுற்றிப் பீரங்கி வீச்சுக்காக நிலத்தை வெறுமனே விட்டுவைப்பது அந்தக் கால வழக்கம். இன்று கோட்டை வெளி மைதானத்தில் பந்து விளையாடும் பையன்களுக்கு அந்த வெளி எப்படி மிஞ்சியது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆபீசர்ஸ் லைன் என்ற பெயரிலேயே படைமுகாம் இருக்கிறது. காகிதப்பட்டறை, சுண்ணாம்புக்காரத் தெரு, கொசப்பேட்டை என்று தொழிலைச் சொல்லும் பெயர்கள். அப்புறம் மண்டித் தெரு, லாங் பஜார், நேதாஜி மார்க்கெட். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறைவாசத்தில் 1832-ல் இறந்ததன் நினைவிடம்.

இந்தத் தெருக்களின் மேல் உள்ள அழுத்தம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளை ஊருக்குக் கொண்டுவருகிறது. வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சமைத்துச் சாப்பிட அறை வேண்டும், அதுவும் நடக்கிற தூரத்தில் வேண்டும். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த மெஸ் பக்கத்தில், முன்பு திண்ணை வைத்த வீடு இருந்த இடத்தில், நான்கு மாடி லாட்ஜ் நிற்கிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டு வீட்டுக்கு வருகிற வாடகையையும் லாட்ஜுக்கு வருகிற வாடகையையும் கணக்குப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இங்கேதான் 100, 200 மீட்டர் விதியின் பலவீனம் தெரிகிறது. அது தூரத்தை மட்டும் பார்க்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் அழகற்ற கான்கிரீட் பெட்டிக்கும் தேக்கு உத்தரம் போட்ட பழைய மண்டிக்கும் ஒரே சட்டம். வட்டத்துக்கு ஒரு மீட்டர் வெளியே இருக்கும் அதே மாதிரி மண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நாளைக்கே இடிக்கலாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எடை போட்டு விற்கிற மார்க்கெட்டுக்கு எந்தக் குறியீடும் கிடையாது.

2010 திருத்தம் இதற்கு ஒரு மருந்தும் எழுதி வைத்தது: ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள். எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், முகப்பு எப்படி இருக்க வேண்டும், எந்தக் கட்டடத்தைக் கட்டாயம் காக்க வேண்டும், வடிகால் எங்கே என்று அந்தந்த இடத்துக்கேற்ப எழுதுவது. நாடு முழுக்க இந்த வேலை நத்தை வேகத்தில்தான் நடக்கிறது. எல்லாச் சின்னத்துக்கும் ஒரே அளவுகோல் சரியா என்று 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் கேட்டது. அதற்கு முன், பொதுப்பணித் திட்டங்களுக்காக 100 மீட்டர் தடையைத் தளர்த்தும் மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய் நின்றது. தடையை எடுத்துவிடுவதற்கும் துணைவிதி எழுதுவதற்கும் நடுவில் எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: எழுதுவதுதான்.

மாநில அளவில் தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. மத்தியப் பட்டியலில் இல்லாத கட்டடங்களுக்கு இது ஒரு கதவு.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கும். ஹம்பியில் 2011-ல், விருபாட்சர் கோயிலுக்கு எதிரே பழைய மண்டபக் கடைத்தெருவில் குடியிருந்தவர்களை வெளியேற்றிக் கட்டுமானங்களை இடித்தார்கள். கல் தூண்கள் தெளிவாகத் தெரிகின்றன. கடைத்தெருவில் கடை இல்லை. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய மேரி கட்டடம் கவனிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர் போனது போனதுதான், பழுதுபார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமும் ஆகியிருக்கும். ஒன்று ஆளை வெளியேற்றிக் கல்லைக் காத்தது, மற்றது கல்லை விட்டுவிட்டு நகலைக் கட்டியது. வேலூர் இரண்டிலும் மாட்டாமல் இருக்க வேண்டுமென்றால், கடைக்காரர் அங்கேயே இருந்து பழுதுபார்க்கும் வழியைச் சுலபமாக்க வேண்டும். ஒழுகும் மெட்ராஸ் டெரஸுக்கு நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னால், அவர் மழையையே நம்பி உட்கார்ந்திருப்பார்: எப்போது தானாக விழும், எப்போது மொத்தமாக மாற்றலாம் என்று.

ஒரு திட்ட அறிவிப்பு வந்தால் என்ன கேட்பது?

அகழியோரம், ஆற்றோரம், பழைய மார்க்கெட் என்று எந்தத் திட்ட அறிவிப்பு வந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. வரைபடத்தில் உபரிநீர்க் கால்வாய் மதகிலிருந்து பாலாறு வரை முழுசாக வரைந்திருக்கிறதா, நடுவில் எங்காவது கோடு நின்றுபோகிறதா?

2. புதிதாகப் போடும் நடைபாதையும் வாகன நிறுத்தமும் தண்ணீர் இறங்கும் தரையா, சிமெண்டா? முன்னே சொன்ன 10 சென்டிமீட்டர் கணக்கில், சிமெண்ட் போட்ட ஒவ்வொரு ஏக்கரும் ஏறக்குறைய நான்கு லட்சம் லிட்டரை ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். அது எந்தப் பக்கம் ஓடும் என்பதற்குத் திட்ட அறிக்கையில் விடை இருக்க வேண்டும்.

3. கட்டி முடித்த பிறகு பராமரிப்பது யார், எந்தத் துறையின் பணத்தில்?

4. அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு வேலை நடக்கும் காலத்தில் மாற்று இடம் எங்கே? திரும்பி வரும்போது அதே வாடகையா? மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் எந்த ஊரிலும் பழைய வியாபாரி திரும்பாமல் போவதற்குக் கட்டடம் காரணமாக இருப்பதில்லை. முன்பணமும் வாடகையும்தான் காரணம்.

உங்கள் வீடோ கடையோ எந்த வளையத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ள, தேசிய நினைவுச் சின்ன ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்ப வசதி உண்டு. இஸ்ரோ உதவியோடு செய்த ஸ்மாரக் என்ற செயலியும் இருக்கிறது. மனையில் நின்று செல்போனில் குறித்தால், தடைசெய்யப்பட்ட பகுதியா, ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியா, இரண்டுக்கும் வெளியேயா என்று நிறத்தில் காட்டும். மனை வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கால்வாயை அந்தச் செயலியில் தேட முடியாது. அதற்கு வருவாய்த் துறையின் நகர நிலஅளவைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். வார்டு, பிளாக், சர்வே எண் கொடுத்தால், இன்று மேலே கடை நிற்கிற இடத்துக்கும் அதில் வாய்க்கால் என்றோ ஓடை என்றோ எழுதியிருக்கலாம்.